115 என்னும் எண்ணுக்குப் பின்னால்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் அன்றாடம் பயணம் செய்வோருக்குத் தாம்பரம் சானடோரியம் ஒரு நிலையத்தின் பெயர். அதற்கு மேல் அப்பெயரில் எதையும் தேடுவார் இல்லை. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அங்கே நிறுவிய மருத்துவமனையை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது. இருப்புப்பாதை நிலையமும் அதனால் பெயர் பெற்றது. அம்மருத்துவமனையில் 1960 பிப்ரவரி 20 அன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன் தம் ஒரே மகனைப் பறிகொடுத்திருந்த ஒரு பெண்மணி காசநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மாத இதழை நடத்தியவர். 115 நாவல்கள் எழுதியவர். வை. மு. கோதைநாயகி அம்மாள் என்பது அவர் பெயர்.

இந்த வழியே நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நமக்கு, இச்செய்தி பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியவந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முதுகலை வகுப்பில் ஒருநாள் மாணவர்களிடம், "வை. மு. கோ. யார்?" என்று கேட்டோம். கம்பராமாயணத்துக்கு உரை வகுத்த வை. மு. கோபாலகிருஷ்ணமாசாரியார் என்று மூவர் சொன்னார்கள். சரியான விடைதான். அதே முன்னெழுத்துகளால் அறியப்பட்ட இன்னொருவர் உண்டு என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கோதைநாயகி மணம் புகுந்ததும் அதே 'வைத்தமாநிதி முடும்பை' மரபில்தான். ஒரு குடும்பப் பெயர் தமிழுக்கு இரண்டு வை. மு. கோ.க்களைத் தந்தது. ஒருவரைப் பாடத்திட்டம் வைத்துக்கொண்டது, மற்றவரை விட்டுவிட்டது. இந்த விடுபாட்டைப் பற்றித்தான் இங்கே சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பு ஓரளவு அறியப்பட்டதே. 1901 டிசம்பர் 1 அன்று பிறந்தார். 1907-இல், ஐந்தரை வயதில், பார்த்தசாரதி என்ற சிறுவருக்கு மணம் செய்விக்கப்பட்டுத் திருவல்லிக்கேணிக் குடும்பத்துக்கு மருமகளானார். பள்ளிக்குச் சென்றவர் அல்லர். குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வதில் தேர்ந்தவர். கணவர் அழைத்துச் சென்று காட்டிய நாடகங்கள் அவருக்குள் எழுதும் ஆசையைக் கிளப்பின. ஆனால் கை எழுத்துக்குப் பழகவில்லை. பட்டம்மாள் என்ற தோழி எழுத்தாணியாக அமைந்தார்; கோதைநாயகி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அப்படி உருவான 'இந்திர மோகனா' என்ற நாடகம் 1924-இல் நூலாக வந்தது. மறு ஆண்டு, நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற இதழை வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் யோசனையின்பேரில் ஏற்று நடத்தத் தொடங்கினார். முதல் நாவலான 'வைதேகி' அதில் தொடராக வந்தது. பிறகு இதழும் நாவலுமாகவே அவர் வாழ்வு அமைந்தது. காந்தியடிகளைக் கண்டபின் கதர் உடுத்தார்; மறியலில் ஈடுபட்டு 1932-இல் வேலூர்ச் சிறைக்குச் சென்றார்; சிறையிலும் எழுதினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தபோது, அவர் குடும்பம் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் சென்றது. காகிதத் தட்டுப்பாட்டுக்கு நடுவிலும் இதழ் தொடர்ந்தது. நம் மின்தொடர் வண்டிப் பாதையில் அவருக்கு உரியது ஒரு நிலையம் மட்டுமன்று, இரண்டு.

இத்தகைய ஓர் எழுத்தாளர் எப்படி மறக்கப்பட முடியும் என்ற கேள்விக்கு விடை தேடியபோது, தொலைவிலுள்ள ஓர் அயர்லாந்துக்காரி நினைவுக்கு வந்தார். ரெஜினா மரியா ரோஷ் என்பவர் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் பிறந்தவர். 1796-இல் வெளிவந்த அவருடைய 'தி சில்ட்ரன் ஆஃப் தி அப்பி' என்ற நாவல் பத்தொன்பதாம் நூற்றாண்டு நெடுகிலும் பதிப்புமேல் பதிப்புக் கண்டது. பாழடைந்த மாளிகை, மறைக்கப்பட்ட உயில், துரத்தப்படும் அபலைப்பெண் எனத் திகில் புனைவுக்கு உரிய எல்லாமும் அவரிடம் உண்டு. மேலைநாட்டார் 'காதிக்' என்று பெயரிட்ட வகை அது. பின்னாளில் வறுமையில் வாடி, எழுத்தாளர் உதவிநிதியை நாட நேர்ந்த அவர் 1845-இல் இறந்தார். அதன்பின் மெல்ல மெல்ல வாசகர் அவரைக் கைவிட்டனர்.

முற்றிலும் அழிந்தாரா என்றால் இல்லை. ஜேன் ஆஸ்டின் எழுதி, அவர் மறைவுக்குப்பின் 1817-இன் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அப்பி'யில் ஓர் இளம்பெண் தன் தோழிக்குத் திகில் நாவல்கள் ஏழின் பெயர்களை அடுக்குகிறாள். அவற்றுள் ஒன்று, ரோஷ் 1798-இல் எழுதிய 'கிளெர்மாண்ட்'. ஆஸ்டினின் கேலி பிழைத்தது. கேலி செய்யப்பட்ட நூல் பிழைக்கவில்லை. பிற்காலத்து வாசகர் பலர், அந்த ஏழு பெயர்களும் ஆஸ்டினின் கற்பனை என்றே எண்ணியிருந்தனர். மைக்கேல் சாட்லியர் போன்ற நூற்பட்டியலாளர்கள் தேடிப்பிடித்து, அவை உண்மையில் அச்சான நூல்களே என்று 1920-களில் நிறுவவேண்டியிருந்தது. 1968-இல் ஏழும் ஒருசேர மறுபதிப்பாயின. அதன் பிறகே 'கிளெர்மாண்ட்' நல்ல நாவலா தீய நாவலா என்று வாதிடுவதற்கேனும் ஆங்கில வாசகருக்கு வழி பிறந்தது.

ரோஷ் பிறர் நகைச்சுவையில் ஒரு தலைப்பாக எஞ்சினார். நம் கோதைநாயகி ஓர் எண்ணாக எஞ்சியிருக்கிறார். 'நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதியவர்' என்ற தொடர் அவரைப் பற்றிய ஒவ்வொரு கட்டுரையிலும் வருகிறது. போட்டித் தேர்வு வினாத்தாளுக்கும் அது போதும். அந்த 115-இல் எத்தனை நாவல்களை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம், எத்தனையைப் படித்திருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டால், தமிழ் கற்பிப்போரில் பலர் தலைகுனிய வேண்டியிருக்கும். நாமும் அவர்களில் ஒருவரே. ஐந்தாறு நாவல்கள் படித்ததற்கு மேல் நம்மிடம் கணக்கில்லை.

இனி எதிர்த்தரப்பின் நியாயத்தையும் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாவலை ஆட்டிவைத்தவர் ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர். இலண்டன் மாநகரத்து மர்மங்களையும், ஓநாயாக மாறும் மனிதனின் கதையையும் எழுதிய அவர், ரோஷ் முதலானோர் வளர்த்த திகில் மரபை மலிவு விலைத் தொடர்கதைக்குள் கொண்டுவந்தவர். ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூராரும் அவரைத் தமிழ்ப்படுத்தியும் தழுவியும் எழுதினர். இக்கதைகளின் பெருக்கத்துக்கு எதிர்வினையாகவே 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி' தலைமுறை தன்னை அமைத்துக்கொண்டது. தழுவல் கூடாது, மொழிபெயர்ப்பே வேண்டும் என்று புதுமைப்பித்தன் வாதாடினார். கோதைநாயகி இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1959 ஜனவரியில், சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' பிறந்தது. தமிழில் விமரிசனம் தனக்கென அளவுகோல்களை வகுத்துக்கொண்ட காலமும், அவர் தாம்பரத்தில் நோய்ப்படுக்கையில் கிடந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. அந்த அளவுகோல்களின்படி அவர் தேறமாட்டார். நாம் படித்த நாவல்களில் தற்செயற் சந்திப்புகள் மிகுதி. நல்லோர் நெடிய உரை நிகழ்த்துவர். தீயோர் முடிவில் திருந்துவர் அல்லது தண்டனை அடைவர். ஆசிரியரின் அறிவுரை கதையை இடைமறிக்கும். இவற்றைக் குறை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. அவரைத் தூக்கிக் கு. ப. ராஜகோபாலன் பக்கத்தில் உட்கார வைக்கும் எண்ணம் நமக்கு இல்லை.

ஆயினும் ஓர் ஐயம். ரெயினால்ட்ஸ் தீட்டு எல்லோர்மீதும் ஒரே அளவில் ஒட்டவில்லையே, அது ஏன்? பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள், தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை, 1911-இல் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்ற நாவலை வெளியிட்டார். அது ரெயினால்ட்ஸின் 'லைலா'வைத் தழுவியது. அதனால் அடிகளாரின் பெருமை குறைந்துவிட்டதா? குறையவில்லை; குறையவும் கூடாது. அவர் பெயரால் மறைமலை நகர் என்றே ஓர் ஊர் எழுந்தது; அதற்கும் ஒரு நிலையம் உண்டு. அடுத்த நிலையம் சிங்கப்பெருமாள் கோயில். வடுவூராரின் திகம்பர சாமியாருக்குத் திரைப்படம் வாய்த்தது. அவருடைய நாவல்கள் பின்னாளில் மறுபதிப்பும் கண்டன. துப்பறியும் கதையின் முன்னோடி என்று அவரை அன்போடு நினைவுகூர்வோர் உண்டு. ஆண் எழுதினால் முன்னோடி, பெண் எழுதினால் பொழுதுபோக்கு என்ற பாகுபாட்டை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நூலக அலமாரி அதைச் சொல்லுகிறது.

இங்கே வேறொன்றும் எண்ணத்தக்கது. பூட்டிய மாளிகைக்குள் அடைபட்ட பெண் என்பது இங்கிலாந்து வாசகிக்கு இனிய நடுக்கம் தரும் கற்பனையாக இருந்திருக்கலாம். 1925-இல் ஒரு தெருவின் உள்கட்டில் அமர்ந்து 'ஜகன்மோகினி'யைப் படித்த பெண்ணுக்கு அது அப்படியா இருந்திருக்கும்? அவளுக்கு மணம் நடந்தது ஐந்து வயதிலோ எட்டு வயதிலோ. பக்கத்து அறையில் தலை மழிக்கப்பட்ட அத்தை ஒருத்தி இருந்திருக்கக்கூடும். வாசற்படி தாண்ட அவள் எவரிடமாவது உத்தரவு கேட்க வேண்டும். காணாமற்போன உயில், மாறுவேடம், ஒளித்துவைக்கப்பட்ட கடிதம் ஆகிய கதைச் சாமான்களுக்குள் விதவையின் துயரம், பெண்கல்வி, வரதட்சிணை ஆகியவற்றை வைத்து அவளுக்குக் கொடுத்தவர், அதே போல் ஐந்தரை வயதில் மணமேடை ஏறியவர். இதனால் மட்டும் அந்நாவல்கள் உயர்ந்த கலையாகிவிடா. ஆனால் திகில் என்ற இரவல் உடைக்குள் தமிழ்ப் பெண்ணின் உண்மையான அச்சம் எவ்வாறு புகுந்தது என்பதை அறிய, அவற்றை விட்டால் நமக்கு வேறு சான்று எங்கே இருக்கிறது? 'மணிக்கொடி'யின் சிறந்த கதைகளுள் பலவும் பெண்ணின் துயரைப் பேசுபவை. எழுதியவர்களோ பெரும்பாலும் ஆண்கள். அந்தத் துயரை உள்ளிருந்து, திருத்தமில்லாத மொழியில், மாதந்தோறும் பேசிய குரலை அவற்றின் பக்கத்தில் வைத்துக் கேட்டால், இரண்டுமே இன்னும் தெளிவாகக் கேட்கும் என்பது நம் எண்ணம்.

எழுதத் தெரியாத ஒருவர் வாயால் சொல்லி நாடகம் படைத்தார் என்ற செய்தியையும் நாம் ஒரு வியப்புத் துணுக்காகவே கடந்துவிடுகிறோம். திண்ணையிலும் கூடத்திலும் பெண்கள் சொல்லிக் கேட்ட கதைமரபு அச்சு எந்திரத்துக்குள் நுழைந்த இடம் அது. அவர் நாவல்களின் நீண்ட உரையாடல்களைச் சத்தமிட்டுப் படித்துப் பார்த்தோம். கண்ணுக்கு அலுப்பூட்டிய பக்கங்கள் காதுக்கு அவ்வளவு அலுப்பூட்டவில்லை. ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் வீட்டுக்காக எழுதப்பட்ட உரைநடையை, தனியே அமர்ந்து மௌனமாகப் படிக்கும் வாசகனின் தராசில் நிறுத்தி எடை குறைவு என்கிறோமோ என்ற ஐயம் அப்போது எழுந்தது. இது ஆராயத்தக்க பொருள். ஆராயத்தான் நூல்கள் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடத்திட்டக் கூட்டத்தில், புனைகதைத் தாளில் கோதைநாயகியின் நாவல் ஒன்றைச் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தோம். "நாவல் தரமானதா?" என்று ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். "நீங்கள் எதைப் படித்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்டோம். அவர் படித்ததில்லை. அடுத்த கேள்வி நம்மை வாயடைக்கச் செய்தது: "அறுபது மாணவர்களுக்குப் பிரதிக்கு எங்கே போவது?" நம்மிடம் விடை இல்லை. வேறொரு நாவல் வைக்கப்பட்டது. தரம் பற்றிய வாதத்தில் நாம் தோற்கவில்லை, வாதமே நடைபெறவில்லை. ஒரு நூல் கடையில் இல்லாதபோது, அது நல்லதா தீயதா என்ற கேள்விக்கே பொருள் இல்லாமல் போகிறது.

கோதைநாயகியைப் பற்றி எவரும் எழுதவில்லை என்று குறை சொல்வதற்கில்லை. அவர் வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. மகளிர் நாள் கூட்டங்களில் அவர் பெயர் ஒலிக்கிறது. விடுதலைப் போராட்ட வீராங்கனை, இதழாசிரியர், துப்பறியும் கதை எழுதிய முன்னோடிப் பெண் என்ற பட்டங்களுக்குக் குறைவில்லை. இப்பட்டங்கள் அவருக்குச் செய்யும் நன்மையைவிடத் தீமையே அதிகமோ என்று தோன்றுகிறது. சிறை சென்றார் என்பதற்காக ஓர் எழுத்தாளரைப் போற்றுவது எளிது. அவர் எழுதியதைப் படிக்காமலே அதைச் செய்யலாம். 1966-இல் வெளிவந்து இன்றும் தொலைக்காட்சியில் பார்க்கப்படும் 'சித்தி' படத்தை எடுத்துக்கொள்வோம். பத்மினியையும் எம். ஆர். ராதாவையும், இயக்கிய கே. எஸ். கோபாலகிருஷ்ணனையும் சொல்லத் தெரிந்தவர்களில், அது கோதைநாயகியின் 'தயாநிதி' நாவலிலிருந்து எழுந்தது என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? கதை வாழ்கிறது; கதை சொன்னவர் வாழவில்லை.

செய்யவேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அக்கணக்கில் பார்த்தாலும் 2021 ஜனவரி முதல் அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நாவல்களை எவரும் அச்சிடலாம். எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. முதலில் வேண்டியது ஒரு முழுமையான பட்டியல்: 115 நாவல்களும் எவை, எந்த ஆண்டின் எந்த இதழ்களில் வந்தன, எவற்றின் பிரதிகள் எங்கே இருக்கின்றன, எவை கிடைக்கவில்லை, ஒவ்வொன்றின் கதைச் சுருக்கம் என்ன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது; கோட்டையூரில் தனியொரு மனிதர் சேர்த்துவைத்த பழைய நூல்களும் இதழ்களும் அதற்கு அடித்தளம். தென்சென்னைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளிலிருந்து அங்கே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆண்டுதோறும் சங்க இலக்கியத்தில் உவமை என்றும், அறநூல்களில் விருந்தோம்பல் என்றும் ஒரே தலைப்பைச் சுற்றிச் சுற்றி ஆய்வேடு எழுதும் மாணவர்களில் பத்துப் பேருக்கு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாவல்கள் பிரித்துக் கொடுத்தால், இரண்டாண்டில் பட்டியல் ஆயத்தமாகிவிடும். பட்டியல் கிடைத்தபின், படித்துத் தேர்ந்தெடுத்து ஐந்து நாவல்களை நல்ல முன்னுரையோடு அச்சிட ஒரு சிறு பதிப்பகம் போதும். ஐந்தும் தேறாவிட்டால் தேறவில்லை என்று எழுதுவோம். படித்தபின் மறப்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் மாணவி ஒருத்தியின் வீடு குரோம்பேட்டையில் இருந்தது. அவளுடைய பாட்டி 'ஜகன்மோகினி'த் தொடர்களை மாதாமாதம் பிரித்தெடுத்து, நூலால் தைத்து, பழைய புடவைத் துணியில் அட்டை போட்டு வைத்திருந்தாராம். ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் தம் பெயரை எழுதி, 'படித்துவிட்டுத் திருப்பித் தரவும்' என்றும் எழுதியிருந்தாராம். நாம் கேட்டபோது அவள் சற்றே தயங்கி, வீட்டை இடித்து அடுக்ககம் கட்டக் கொடுத்தபோது அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். எத்தனை தொகுதிகள் என்று கேட்டோம். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன என்றாள்.

நங்கநல்லூரிலும் பல்லாவரத்திலும் மேற்குத் தாம்பரத்திலும் இன்னும் இடிக்கப்படாத பழைய வீடுகள் சில இருக்கின்றன. அவற்றின் பரணில் டிரங்குப் பெட்டிகளும் இருக்கக்கூடும். இதைப் படிப்பவர்களில் எவரேனும் அத்தகைய வீட்டுக்கு உரியவராயின், எடைக்குப் போடும் முன் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கும்படி வேண்டுகிறோம். தைத்த தாள்கள் கிடைத்தால் ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் நீங்களே ஒன்றைப் படித்தும் பாருங்கள். சத்தமிட்டுப் படித்தால் நலம்.